சைரனுக்குப் பயந்த வீடு: ஓர் அம்மாவின் மார்பகப் புற்றுநோயும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

மூத்த மகள் கணக்கு எழுதி வைத்திருந்தது ஒரு சீ.ஆர். கொப்பியில். முதல் பதிவு 2022 செப்டெம்பர் 19. தலைப்பு 'அம்மா' என்று மட்டும். பஸ் காசு, துண்டுக்கு வாங்கிய மருந்து, வெள்ளவத்தை அறை வாடகை என்று ஒவ்வொரு வரியும் திருத்தமாக இருக்கிறது. நோயின் பெயர் மட்டும் அந்தக் கொப்பியில் ஓரிடத்திலும் இல்லை. தற்செயலாக யாராவது எடுத்துப் பார்த்துவிட்டால் என்ற பயம் என்று பிறகு சொன்னாள்.

நான் உளசமூகப் பணியாளராக அந்த வீட்டுக்குப் போனது 2023 ஜனவரி நடுப்பகுதியில். அதற்கு முன் நடந்தவற்றை அந்தக் கொப்பியையும், அம்மாவின் கிளினிக் கொப்பியையும், ஐந்து பேரின் ஞாபகத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன். ஞாபகங்கள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்தவில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயரில்லாமல், ஆளைக் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வீடு யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம். அம்மாவுக்கு அப்போது 49 வயது. வீட்டில் இருந்தபடி பிளவுஸ் தைப்பவர். அப்பாவுக்கு 54, மேசன். மூத்த மகளுக்கு 27, ஒரு நிதி நிறுவனத்தில் எழுதுவினைஞர். மகன் பல்கலைக்கழகத்தில். கடைசிப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கி, குறிப்பு இரண்டு மூன்று இடங்களுக்குப் போயிருந்தது. இந்தக் கடைசி விபரத்தைக் குடும்பப் பின்னணி என்ற கட்டத்துக்குள் போட்டு மூடிவிட முடியாது. வீட்டில் எடுக்கப்பட்ட அநேகமாக எல்லா முடிவும் இதில் வந்துதான் முட்டுகிறது.

மருத்துநீரும் ஐந்து மாதமும்

2022 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்துத் தலை முழுகும்போது வலது மார்பின் மேற்பக்கத்தில் கட்டி ஒன்று அம்மாவின் கையில் தட்டுப்பட்டது. கடலை அளவு, நோவில்லை. நோவில்லாததால் பயமுமில்லை. உண்மையில் மார்பகப் புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் தொடக்கத்தில் நோவதில்லை. 'நோகாத கட்டி ஒன்றும் செய்யாது' என்று நம்மூரில் சொல்வது தலைகீழான பேச்சு. நோகாமல், கல்லு மாதிரி, இடம் நகராமல் இருப்பதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

டொக்டரிடம் போனது செப்டெம்பரில். இடையில் ஐந்து மாதம். ஏன் என்று கேட்டபோது அப்பா, 'அந்த நேரம் பெற்றோல் எங்க இருந்தது?' என்றார். பொய்யில்லை. புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்னர்தான் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய். அதற்கும் இரவு பகலாக வரிசை. பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர்தான். சீமெந்துப் பை 3,000 ரூபாய் அளவுக்கு ஏறியதில் கட்டட வேலைகள் நின்று, மேசன்மார் வீட்டில் இருந்தார்கள்.

ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி சில கிலோமீட்டர்தான், சைக்கிளிலேயே போகலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பைப் பரிசோதிப்பார்கள், காசில்லை. 1996 முதல் நடக்கும் சேவை. அம்மாவுக்கு அது தெரியும். போகாததற்கு அவர் சொன்ன காரணம் வேறு: 'அங்க வாறவை எல்லாம் என்னட்டச் சட்டை தைக்கிற ஆக்கள்.' பெற்றோல் பாதிக் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், மற்றப் பாதி இதுதான்.

அந்த ஐந்து மாதத்தில் வீட்டில் ஒரு வைத்தியமும் நடந்தது. யாரோ சொல்லி முள்ளு அன்னமுன்னா இலை அவித்துக் குடித்தார். பிறகு அதையே தூளாகப் பைக்கற்றில் வாங்கினார்கள். ஆய்வுகூடத்தில் கலங்களின் மேல் சில பரிசோதனைகள் நடந்திருக்கின்றன என்பதைத் தவிர, அது மனிதருக்குப் புற்றுநோயை மாற்றும் என்று நிரூபிக்கப்படவில்லை. இதை நான் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். 'குடிச்சால் ஒரு ஆறுதல்' என்றார் அம்மா. சிகிச்சை தொடங்கிய பின் டொக்டரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கொழும்பு

செப்டெம்பரில் கட்டி வெளியே தெரியத் தொடங்கியது. அப்போதும் யாழ்ப்பாணத்தில் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சொந்தக்காரருக்குச் சொன்ன காரணம், மகனின் பல்கலைக்கழக அலுவல். இரவு பஸ்ஸில் கொழும்பு, வெள்ளவத்தையில் ஓர் அறை, ஒரு தனியார் வைத்தியசாலை. மமோகிராம், ஸ்கான், ஊசிப் பயாப்சி. ஒக்டோபர் முதல் கிழமையில் வலது மார்பை முழுதாக அகற்றி, அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

கொப்பியின் கணக்கு இது. பரிசோதனைகளும் டொக்டர் கட்டணமும் 138,000. சத்திரசிகிச்சையும் வாட்டும் 585,000. அறை, சாப்பாடு, போக்குவரத்து 112,000. பத்துக் கிழமைக்குள் 835,000 ரூபாய். இதே சத்திரசிகிச்சையை அரச வைத்தியசாலையில் ஒரு சதம் வாங்காமல் செய்கிறார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காசு எங்கிருந்து வந்தது? சேமிப்பு 150,000. மூத்தவள் வேலையிடத்தில் எடுத்த கடன் 200,000. மிச்சம் 500,000 தாலிக்கொடி. பதினொரு பவுண் கொடி. பவுண் ஒன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்த காலம் என்பதால் இன்னும் கூடக் கேட்டிருக்கலாம். அப்பா தேவைக்கு மேல் அதிகம் எடுக்கவில்லை. வருட வட்டி நூற்றுக்கு 24. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றியதன் சூடு அடகுக் கடைவரை வந்திருந்தது. மாதம் 10,000 ரூபாய் வட்டி மட்டும்.

அம்மாவின் கழுத்தில் அதன்பிறகு கவரிங் கொடி. அதைக் கொழும்பு பஸ்ஸில் ஏறும் முன்னரே மாட்டிவிட்டார். ஊருக்குத் திரும்பி வந்தபோது மார்பு இல்லாததை மறைக்கச் சால்வை, தாலிக்கொடி இல்லாததை மறைக்கக் கவரிங். 'எதை மறைக்கிறது கஷ்டமா இருந்தது?' என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: 'கொடியைத்தான். கண்ணுக்குத் தெரியிறது அதுதானே.'

பயாப்சி அறிக்கையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டு பக்க ஆங்கிலம். கட்டி 2.8 சென்ரிமீற்றர், எடுத்த 14 கணுக்களில் இரண்டில் நோய், ஈஸ்ட்ரஜன் ஏற்பி உண்டு, ஹெர்-2 புரதம் '2 பிளஸ்'. இந்தக் கடைசிச் சொல்தான் வீட்டைப் பல மாதம் ஆட்டியது. மகன் இணையத்தில் தேடி ஒன்று சொன்னான், மூத்தவள் வேறொன்று விளங்கிக்கொண்டாள். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மானிப்பாய் அவர்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்திலேயே ஒரு தாய்க்குத் தன் அறிக்கையை வாசித்துச் சொல்ல ஆள் தேடவேண்டியிருந்தது.

கனடாக் காசு

'2 பிளஸ்' என்றால் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத நிலை. ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்து மரபணு அளவில் பார்க்க வேண்டும். ஹெர்-2 உண்டென்று வந்தால் கீமோவோடு ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசியை மூன்று கிழமைக்கு ஒன்றாக ஒரு வருடம் போடுவது வழக்கம். இல்லையென்றால் அது தேவையே இல்லை. டொக்டர் இதைச் சொல்லித்தான் இருந்தார். ஆனால் அப்பாவின் காதில் விழுந்தது 'ஒரு வருட ஊசி'யும் அதன் தனியார் விலையும்தான். கிட்டத்தட்ட ஒரு சிறிய வீட்டுக்கான காசு.

முடிவு வருமுன்னரே, அம்மாவின் தம்பிக்கு, ரொறன்ரோவுக்கு, அழைப்பு போனது. அவர் அங்கே பக்டரி வேலை செய்பவர். காசு கொட்டிக் கிடக்கிற ஆள் இல்லை. யாரிடமோ மாறி 3,000 கனேடிய டொலர் அனுப்பினார். நவம்பர் நடுவில் கைக்கு வந்தது ஏறத்தாழ எட்டு லட்சம். அதில் இரண்டு லட்சத்தை எடுத்து அப்பா மகளின் வேலையிடக் கடனை அடைத்தார். மிச்சம் ஆறு லட்சம் சாதாரண சேமிப்புக் கணக்கில் போனது.

டிசெம்பர் 20 அளவில் ஃபிஷ் முடிவு வந்தது: ஹெர்-2 இல்லை. அம்மா அன்று கோயிலுக்குப் போய்வந்தார். அப்பாவோ ரொறன்ரோவுக்கு வாயே திறக்கவில்லை. ஊசிக்கென்று வாங்கிய காசு. ஊசி வேண்டாம் என்றால் காசைத் திருப்ப வேண்டும். இரண்டு லட்சம் ஏற்கெனவே போய்விட்டது. 'எப்படிச் சொல்லுறது' என்றே நான்கு மாதம் கழிந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. டிசெம்பர் கடைசி முதல் ஏப்ரல் கடைசி வரை ஆறு லட்சம் ஒரு பக்கம் சும்மா கிடந்தது; மறுபக்கம் தாலிக்கொடி மாதம் 10,000 தின்றுகொண்டிருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்காததன் விலை 40,000 ரூபாய். அந்த நாட்களில் அப்பாவின் நாட்கூலியில் பல நாள் வேலை அது.

ரொறன்ரோத் தம்பிக்கு விஷயம் பெப்ரவரியில் வேறு வழியால் போய்ச் சேர்ந்தது. ஸ்காபரோவில் ஒரு சாமத்தியவீட்டில் யாரோ 'அக்காவுக்கு ஊசி தேவையில்லையாமே, நல்லது' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் சண்டை போடவில்லை. அழைப்பதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு அது கீமோவைவிட நொந்தது; ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வரும் அழைப்பு அது, முப்பது வருடப் பழக்கம்.

ஏப்ரலில் மூத்தவள் யாரிடமும் கேட்காமல் சீ.ஆர். கொப்பியின் 23 பக்கங்களையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பினாள். விளக்கம் எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'மிச்சக் காசில அக்காவின்ர கொடியை மீட்டுப் போடு. கொப்பரிட்ட நான் கதைக்கிறன்.' முதல் ஐந்து லட்சம், ஏழு மாத வட்டி 70,000. மீட்டுப் போக 30,000 மிஞ்சியது.

விடியப்புறம் ஒரு மணி

நவம்பர் கடைசியில் கீமோவுக்குக் கொழும்பில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். அங்கிருந்த டொக்டரே, 'உங்கட ஊரிலேயே இருக்கே, ஏன் இங்க வாறீங்கள்?' என்று தெல்லிப்பழைக்குக் கடிதம் கொடுத்தார். நல்லகாலம். 2023 ஜனவரி தொடக்கத்திலிருந்து அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே பாதை திருத்தத்துக்காக யாழ்ப்பாண ரயில் பல மாதம் நின்றுபோனது. கீமோ உடம்போடு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் போயிருக்க முடியாது.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக் கட்டடத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து, நாடெங்கும் சேர்த்த காசில் எழுந்தது அது. தெற்கின் நுனியிலிருந்து வடக்கின் நுனிக்கு மனிதர் நடந்து கட்டிய இடத்துக்குப் போக, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்த இந்த வீட்டுக்கு ஏழு மாதம் எடுத்தது. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அப்பாவே ஒருநாள் சொல்லிச் சிரித்தார்.

கீமோவின் முதற்பகுதி நான்கு தடவை, மூன்று கிழமைக்கு ஒன்று. சிவப்பு நிற மருந்து ஒன்று அதில் உண்டு. அடுத்த நாள் சிறுநீரும் சிவக்கும், பயப்பட வேண்டாம் என்று மிஸ்ஸி முதலே சொல்லியிருந்தார். இன்னொன்றையும் சொல்லியிருந்தார்: மருந்து ஏற்றி ஏழு நாளிலிருந்து பதினான்கு நாள் வரை வெள்ளைக் குருதிக்கலம் குறையும், காய்ச்சல் 100.4ஐத் தாண்டினால் நேரம் பார்க்காமல் வரவேண்டும், பனடோல் போட்டுக் காத்திருக்கக் கூடாது. துண்டில் எழுதியும் கொடுத்தார். அந்தத் துண்டு சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

இரண்டாவது கீமோ முடிந்து பதினொராம் நாள், ஜனவரி 2 இரவு, அம்மாவுக்குக் குளிர் நடுக்கம். ஒன்பது மணிக்கு 101. பனடோல் போட்டார்கள். இறங்கியது. ஒரு மணிக்கு 102.6.

1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. மகன் போனை எடுத்தான். அப்பா பிடித்து வைத்தார். சைரன் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் ஊரே எழும்பும், விடிய முன்னம் செய்தி பரவும், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக் கொண்டுபோகலாமா என்று பார்த்தார்கள். அம்மாவால் இருக்க முடியவில்லை. கடைசிப் பிள்ளை அழத் தொடங்கினாள். மகன் ஒன்றும் பேசாமல் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். அங்கே ஓட்டோ உண்டு.

பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்த உடனே கேட்ட கேள்வி: 'மருந்து ஏத்தி எத்தனை நாள்?' அவரின் சொந்தத் தங்கச்சிக்கு மூன்று வருடம் முன்னர் இதே நோய், இதே வைத்தியசாலை. பனடோல் போட்டதென்றதும் கோபப்பட்டார். எந்த வாசலால் போவது, இரவில் யாரைக் கூப்பிடுவது, என்ன உடுப்பு எடுப்பது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓட்டோவில் ஏறும்போது அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, 'வேலிக்கு இஞ்சால நான் இருக்கிறன், ஒரு சொல்லுச் சொல்லேலாதே பிள்ளை?' என்றாராம்.

ஐந்து நாள் வாட்டில் இருந்தார். நாளத்தால் அன்டிபயோட்டிக், கலம் கூட்டும் ஊசி. தப்பிவிட்டார். இன்னும் சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை டொக்டர் அப்பாவிடம் தனியாகச் சொன்னார். அப்பா அதை எனக்குச் சொல்லவில்லை, மூத்தவள்தான் சொன்னாள்.

அந்த மாமிதான் பிறகு என்னையும் கூட்டிவந்தார். என் முதல் சந்திப்பில் நான் செய்த பிழையையும் எழுத வேண்டும். பண உதவி கிடைக்கும் வழிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன்: ஜனாதிபதி நிதியம், பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவு, இப்படி. இரண்டு கிழமை கழித்துப் போனபோது தாள் மடிப்புக் குலையாமல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் விதானையாரின் கடிதம் வேண்டும். விதானையாருக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்னது போல என்பது அவர்கள் நினைப்பு. நான் விண்ணப்பம் நிரப்பிக் காட்டியதெல்லாம் வீண். முதலில் பேசியிருக்க வேண்டியது யாருக்கு, எதை, எப்போது சொல்வது என்பதைப் பற்றி. (ஜனாதிபதி நிதியத்துக்கு அப்போது கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும், 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.) 2023 நடுவில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோதும் இவர்களுக்கு உதவவில்லை. அதில் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு; புற்றுநோய்க்கு இல்லை.

தெல்லிப்பழைக் கணக்கு

2022 டிசெம்பர் முதல் 2023 ஜூலை வரை எட்டு மாதம். நான்கு பெரிய கீமோ, பிறகு கிழமைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தடவை பக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து, அதன்பின் பதினைந்து நாள் கதிர்வீச்சு. 'கரண்ட் பிடிக்கிறது' என்றுதான் வீட்டில் சொன்னார்கள். இந்த மருந்துக்கும் இயந்திரத்துக்கும் கொப்பியில் இருக்கும் தொகை பூச்சியம். மூத்தவள் ஒவ்வொரு முறையும் '0' என்று எழுதிவைத்திருக்கிறாள். ஏன் பூச்சியத்தை எழுதினாய் என்று கேட்டதற்கு, 'கொழும்புப் பக்கத்தைப் பார்த்து எனக்கு நானே ஏசுறதுக்கு' என்றாள்.

சுற்றிவரப் போனது 237,500. ஓட்டோவும் பெற்றோலும் 61,000. வெளியில் செய்த இரத்தப் பரிசோதனை, எக்கோ என்ற இதய ஸ்கான் 33,500. கையிருப்பில் இல்லாத நேரம் வெளியில் வாங்கிய கலம் கூட்டும் ஊசி 42,000. முட்டை, மீன், பால்மா, பழம் 74,000. முள்ளு அன்னமுன்னாத் தூளும் அதுபோன்றவையும் 27,000.

வட்டியையும் சேர்த்தால் மொத்தம் 1,142,500 ரூபாய். கிட்டத்தட்ட முக்கால் பங்கு முதல் பத்துக் கிழமையில், யாழ்ப்பாணத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகப் போயிருக்கிறது. குடும்பத்துக்கு இதை வாசித்துக் காட்டினேன். அப்பா ஏற்கவில்லை. 'கொழும்பில செய்தால் பிழை வராது என்ற நம்பிக்கைக்கும் காசு குடுத்தனாங்கள்' என்றார். அதையும் இங்கே பதிகிறேன், ஏனென்றால் அது பொய்யான நினைப்பு என்று என்னால் தள்ள முடியவில்லை. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். இலவசமாகக் கிடைப்பதைச் சந்தேகப்பட மக்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இந்தக் கொப்பியில் வராத செலவும் உண்டு. அம்மாவின் தையல் வருமானம் பத்து மாதம் நின்றது. கிளினிக் நாட்களில் அப்பா வேலைக்குப் போகவில்லை. மகன் ஒரு தவணைப் பரீட்சையைத் தவறவிட்டான். கடைசிப் பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை மே 29 முதல் ஜூன் 8 வரை. தற்செயலாகக் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் இடைப்பட்ட ஓய்வுக் காலத்தில் விழுந்தது. அவள் நன்றாகவே செய்தாள், ஆனால் ஒரு வருடமாக அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும் என்று. யாரும் அவளிடம் நோயைப் பற்றி ஒருநாளும் இருத்தி வைத்துக் கதைக்கவில்லை. 'சின்னப்பிள்ளைக்கு ஏன்' என்று விட்டுவிட்டார்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கிளினிக் கொப்பியை மருந்துப் பெயர் மருந்துப் பெயராக இணையத்தில் தேடிப் படித்திருந்தாள். தெரியாதது ஒன்றுதான்: தான் அழலாமா என்பது.

கை

சத்திரசிகிச்சையில் அக்குள் கணுக்களை எடுத்தால் அந்தக் கையில் நிணநீர் தேங்கி வீங்கலாம். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது, வெட்டுக்காயம் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தையற்காரிக்கு வலது கை. ஊசி குத்தாமல் தைப்பது எப்படி?

நான் இந்த வீட்டில் கண்டதில் எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பகுதி. கை உயர்த்தும் பயிற்சிக்குச் சுவரில் விரலால் 'ஏறச்' சொல்லியிருந்தார்கள். அப்பா மட்டம் பார்க்கும் கயிறும் பென்சிலும் கொண்டுவந்து, அம்மாவின் விரல் எட்டிய இடத்தில் ஒவ்வொரு ஞாயிறும் கோடு போட்டுத் திகதி எழுதினார். நவம்பரில் தோள் மட்டத்தில் தொடங்கிய கோடு மார்ச்சில் கதவு நிலைக்கு மேலே போயிருந்தது. கீமோக் காலத்தில் குந்தி எழும்ப முடியாமல் அம்மா கஷ்டப்பட்டபோது, சீமெந்து விற்ற விலையில் அரைப் பை கடனாக வாங்கி, ஒரே பகலில் கொமேட் வைத்துக் கட்டினார். நோயைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தையும் கதைக்கத் தெரியாத மனிதர். 'அவர் கதைக்கிறது கரண்டியால்தான்' என்றார் அம்மா. மேசன் கரண்டி.

அம்மா தன் பங்குக்குச் செயற்கை மார்பைத் தானே தைத்துக்கொண்டார். பஞ்சு மட்டும் வைத்தால் மேலே ஏறிவிடுகிறது என்று, பாரத்துக்குக் கொஞ்சம் கடுகு பொட்டலம் கட்டி உள்ளே வைத்து, பிளவுஸின் உட்பக்கம் பை ஒன்று அடித்தார். கிளினிக்கில் அறிமுகமான இரண்டு பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கும் கேட்டார்கள். 2023 ஓகஸ்டில் மெஷினுக்கு மீண்டும் இருந்தபோது அவர் முதலில் தைத்த ஓர்டர் அதுதான். கையில் விரலுறை, பக்கத்தில் மாமி. நூல் கோர்ப்பதும் கத்தரிப்பதும் மாமியின் வேலை.

மூத்தவளின் குறிப்பு

இப்போது அம்மா, ஈஸ்ட்ரஜனைத் தடுக்கும் தமொக்சிபென் குளிசை எடுக்கிறார், நாளுக்கு ஒன்று, குறைந்தது ஐந்து வருடத்துக்கு. இரவில் உடம்பு பற்றி எரிந்து வியர்க்கிறது என்கிறார். அந்தக் குளிசையில் அது வழக்கம். கிளினிக்குக்கு பஸ்ஸில் தனியாகப் போய்வருகிறார்.

குறிப்பு போன இடங்களில் ஒன்று, விஷயம் தெரிந்ததும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. இன்னொன்று இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டாரிடம் மூத்தவளே நேரில் போய்ச் சொன்னாள். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் என்று நான் சொல்லிக் கொடுத்ததையும் ஒப்பித்தாள். அது சரியான தகவல். கூடவே நான் சொன்ன மற்றத் தகவலை அவள் அங்கே சொல்லவில்லை: தாய்க்கு வந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடக் கூட, அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னரேனும் ஒழுங்கான பரிசோதனை தொடங்க வேண்டும், அதுவரை தன் மார்பைத் தானே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

சுகாதாரப் பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து, கிளினிக்குக்கு ஒருமுறை வா பிள்ளை, எப்படிப் பார்ப்பதென்று காட்டித் தருகிறேன் என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். கடைசியாக நான் போன அன்று நானும் கேட்டேன். சீ.ஆர். கொப்பியில் அன்றைய பஸ் காசை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

'போவன். கலியாணம் முடியட்டும்.'